ரேணிகுண்டா சந்திப்பும் ஓர் எதுகையும்

அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையே வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை என்றொரு ரயில் நிலையம் உண்டு. தமிழக எல்லையைத் தாண்டியவுடன் வருவது. விரைவு வண்டிகள் நிற்பதில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் 28 எழுத்துகள். பலகையைப் படித்து முடிப்பதற்குள் வண்டி நிலையத்தைக் கடந்துவிடும். ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனுக்கு இந்தப் பெயர்தான் முதல் சந்தப் பயிற்சியாக அமைந்தது. பூடி, தடுக்கு, புத்தூர், வேப்பகுண்டா, ஏகாம்பரகுப்பம், நகரி என்று வரிசையாக வந்து, இந்த நெடும்பெயரை மூச்சு விடாமல் ஒரே தாளக்கட்டுக்குள் அடக்கி, பொன்பாடியில் மூச்சு வாங்கி, திருத்தணியில் முடிக்க வேண்டும். தாளத்துக்கு ஜியோமெட்ரி பாக்ஸ். கேட்பதற்குக் கடைசி பெஞ்சு.

அவன் வீடு ரேணிகுண்டா ரயில்வே குடியிருப்பில் இருந்தது. தாத்தா நீராவி என்ஜின் காலத்தில் ஃபயர்மேனாக அரக்கோணத்திலிருந்து வந்தவர். அன்று குண்டக்கல் கோட்டம் தெற்கு ரயில்வேயில் இருந்தது. 1977இல் அக்கோட்டம் தென்மத்திய ரயில்வேக்கு மாறியபோது சிலர் சென்னைப் பக்கம் போனார்கள், சிலர் தங்கிவிட்டார்கள். தாத்தா தங்கியவர்களில் ஒருவர். அப்பாவும் ரயில்வேயில் சேர்ந்து சரக்கு வண்டிக் கார்டு ஆனார். வீட்டில் தமிழ், வாசலுக்கு வெளியே தெலுங்கு என்பது அந்த வீட்டின் நடைமுறை. அதைக் கொள்கை என்று எவரும் அழைத்ததில்லை.

தொல்காப்பியப் பாயிரம் வேங்கடத்தை வட எல்லையாகச் சொல்கிறது என்பதைத் தமிழ் மாணவர்கள் அனைவரும் அறிவர். அந்த எல்லையில் குடியிருப்பவனுக்கு எல்லை என்பது கோடாகத் தெரிவதில்லை என்பது வகுப்பறைகளில் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படாஸ்கர் பரிந்துரையின்படி 1960 ஏப்ரலில் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரியும் புத்தூரும் சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. அதன் விளைவை அவன் அனுபவித்தது உறவினர் வீட்டுத் திருமணங்களில்தான். திருத்தணியில் அத்தை மகன்கள் அவனைக் ‘கொல்டி’ என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். ரேணிகுண்டாவுக்குத் திரும்பினால் பள்ளியில் ‘அரவோடு’ என்பார்கள். இரண்டும் கேலிச் சொற்கள். இரண்டுக்கும் பொருள் ‘நீ எங்களவன் அல்ல’ என்பது. இரண்டு ஊர்களிலும் அயலானாக இருப்பது ஒருவனுக்குத் தன்னைப் பற்றிய ஒரு மதிப்பை உண்டாக்கிவிடும். காயப்பட்டவன் தான் மட்டுமே என்ற மதிப்பு அது. அந்த மதிப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதை அவன் அறியப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின.

அவன் படித்த உயர்நிலைப் பள்ளி பல மொழிகளின் சந்திப்பாக இருந்தது. ரயில் சந்திப்பு அருகிலிருந்தால் அப்படித்தான் அமையும். குண்டக்கல்லிலிருந்தும் பல்லாரிப் பக்கத்திலிருந்தும் மாறுதலில் வந்த கன்னடக் குடும்பத்துப் பிள்ளைகள், தக்கனி உருது பேசும் முஸ்லிம் மாணவர்கள், இந்தி பேசும் ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலர்களின் பிள்ளைகள், ஊர்த் தெலுங்கர், தமிழர் என எல்லோரும் ஒரே வகுப்பில் இருந்தார்கள். மதிய உணவில் ராகிச் சங்கடி ஒரு டப்பாவிலும் புளியோதரை இன்னொன்றிலும் இருக்கும். திருமலை லட்டு மட்டும் எல்லா மதத்தார் டப்பாவிலும் ஏதாவதொரு வாரம் வந்துவிடும். யாராவது ஒருவரின் உறவினர் எப்போதும் மலைக்குப் போய்த் திரும்பியிருப்பார். இப்படிப்பட்ட பள்ளியைப் பின்னாளில் கருத்தரங்குகளில் ‘பன்மைத்துவம்’ என்று வருணிப்பது எளிது. அங்கே படித்தவர்களுக்கு அது வெறும் கூச்சல்.

ராப் இசை அந்தப் பள்ளிக்குள் வந்த வழியும் சுவையானது. கடப்பை, ராஜம்பேட்டை, ராயச்சோட்டி வட்டாரங்களிலிருந்து குவைத்துக்கு வேலைக்குச் செல்வோர் மிகுதி. உருது பேசும் நண்பன் ஒருவனின் தாய்மாமன் அப்படிச் சென்றவர். 2006ஆம் ஆண்டு விடுமுறைக்கு வந்தபோது எம்பி3 குறுந்தகடு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அரபுப் பாடல்களுக்கும் இந்திப் பாடல்களுக்கும் நடுவே டூபாக் ஷகூரின் பாடல்கள் சில இருந்தன. பிரான்க்ஸில் பிறந்த இசை குவைத்தின் தொழிலாளர் விடுதி ஒன்றின் வழியாக ரேணிகுண்டாவுக்கு வந்தது. அதற்கு முன் அச்சிறுவர்களுக்கு ராப் என்றால் 1994இல் வந்த ‘காதலன்’ படத்தின் பேட்டை ராப்தான். அந்தப் படம் தெலுங்கில் ‘பிரேமிகுடு’ ஆக ஓடியதால், வகுப்பில் பாதிப் பேர் தெலுங்கிலும் மீதிப் பேர் தமிழிலும் அதைப் பாடுவார்கள். எது அசல் என்று சண்டையும் நடக்கும். அதே 2006இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினரின் ‘வல்லவன்’ தொகுப்பும் வந்தது. தமிழில் திரைப்படத்தின் தயவில்லாமலும் ராப் பாடலாம் என்று அவனுக்குக் காட்டியது அதுதான்.

டூபாக்கின் ஆங்கிலம் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் சொற்கள் விழும் இடம் புரிந்தது. இதற்குக் காரணம் தெலுங்கு மாஸ்டாரு. அவர் உத்பலமாலைக்கும் சம்பகமாலைக்கும் யதி எந்த எழுத்தில் விழும் என்பதைக் கரும்பலகையைத் தட்டிக்கொண்டே கற்பித்தவர். உத்பலமாலைக்குப் பத்தாம் எழுத்து, சம்பகமாலைக்குப் பதினோராம் எழுத்து. அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது பிராசம். வீட்டில் தாத்தா தமிழில் எதுகை என்று சொல்லிக்கொடுத்ததும் இதுவே என்று கண்டபோது, இரண்டு மொழிகளும் ஒரே தண்டவாளத்தின் இரு இரும்புகள் என்று அவன் நினைத்துக்கொண்டான். குறுந்தகட்டில் கேட்ட ராப்போ அடியின் இறுதியில் ஒன்றியது. அதற்கும் தமிழில் இயைபு என்று பெயர் இருப்பதைத் தாத்தா சொன்னார். பதினான்கு வயதில் மூன்று மொழிகளின் ஒலியொழுங்கை ஒரே மேசையில் தட்டிப் பார்க்க முடிந்தவன் பாக்கியசாலி என்றே சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. ‘ராப் ஒன்றும் புதிதல்ல, அருணகிரிநாதர் திருத்தணியிலேயே பாடிவிட்டார்’ என்று சொல்லும் வழக்கம் தமிழ்க் கல்விப்புலத்தில் இருக்கிறது. திருப்புகழின் சந்தம் வியப்புக்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயினும் இந்தக் கூற்று பெருமைபோல் தோன்றினாலும் ஒரு வரலாற்றைக் களவாடுவது. 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிரான்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொதுக்கூடத்தில், ஜமைக்காவிலிருந்து குடிபெயர்ந்த டி.ஜே. கூல் ஹெர்க் தன் தங்கைக்காக இசைத்தட்டு சுழற்றிய விருந்தை ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். வேலையும் வீடும் பறிபோன ஒரு நகர்ப்பகுதியின் கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் கையில் கிடைத்த இசைத்தட்டுக் கருவிகளைக் கொண்டு உருவாக்கியது அது. ஒலி ஒத்திருப்பதால் வரலாறும் ஒத்திருக்கும் என்று கொள்வது, பிராசம் சரியாக அமைந்தால் பொருளும் சரியாகிவிடும் என்று நம்புவதற்கு ஒப்பானது.

அவன் அப்படித்தான் நம்பினான்.

பத்தாம் வகுப்பில் ராப் போட்டிகள் தொடங்கின. மதிய இடைவேளையில் இருவர் எதிரெதிரே நின்று ஒருவரையொருவர் இழித்துப் பாட வேண்டும். வகுப்பு கைதட்டலால் தீர்ப்பு வழங்கும். யாரும் யாரையும் விட்டுவைக்கவில்லை. ‘அரவோடு’ என்பதை வைத்து அவனைப் பலமுறை தோற்கடித்திருக்கிறார்கள். தக்கனி உருதுவைக் கேலி செய்தார்கள், கன்னடக்காரனின் உச்சரிப்பைக் கேலி செய்தார்கள். எல்லோரும் எல்லோரையும் கேலி செய்வதால் எல்லோரும் சமம் என்று ஒரு தோற்றம் இருந்தது. சமமில்லை என்பதைக் காட்ட அந்த வகுப்பில் ஒரே ஒருவன் இருந்தான். ஆற்றோரக் குடியிருப்பிலிருந்து வந்த யானாதி மாணவன் அவன். பட்டியல் பழங்குடி. அவனுடைய குடும்பத்தில் பத்தாம் வகுப்பை எட்டிய முதல் ஆள். அந்த மக்கள் நெல் வயல்களில் எலி பிடிப்பார்கள். அறுவடைக்கு முன் விவசாயிகளே வீடு தேடி வந்து அழைப்பார்கள். அழைத்தவர்கள் அவர்களைத் திண்ணையில் உட்கார வைப்பதில்லை.

அந்த மாணவன் மேசையில் தாளம் போடுவதில் நிகரற்றவன். ரயில் நிலையங்களின் பெயர்ப் பாட்டுக்கு அவன் போட்ட தாளம்தான் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையை ஓட வைத்தது. இருவரும் நண்பர்கள். ஒருநாள் போட்டிக்கு எதிரே நிற்க வேறு யாரும் வராததால் அவனையே இழுத்து நிறுத்தினார்கள். அவன் பாடத் தயங்கினான். இவன் பாடினான். தெலுங்கில் எலிக்கு ‘எலுக’, எழுதும் பலகைக்கு ‘பலக’. இரண்டாம் எழுத்து லகரம். அடுத்தடுத்து நான்கு அடிகளில் அந்த லகரத்தை இவன் தவறாமல் நிறுத்தினான். எலி பிடிக்கும் கையில் பலகை எதற்கு என்பது அதன் சாரம். வகுப்பு எழுந்து நின்று கைதட்டியது. கதவருகே நின்ற ஆசிரியர் ஒருவரும் சிரித்துவிட்டார். இலக்கணப் பிழை எதுவுமில்லை.

அந்த மாணவன் பதில் பாடவில்லை. கோபப்படவும் இல்லை. மேசையிலிருந்து தன் ஜியோமெட்ரி பாக்ஸை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. அதற்குக் காரணம் அந்தப் பாட்டு என்று சொல்ல முடியாது. பழங்குடி மாணவர்கள் பத்தாம் வகுப்புக்கு முன் நின்றுபோவதற்கு வறுமையில் தொடங்கிப் பல காரணங்கள் உண்டு. அந்தப் பாட்டு காரணமில்லை என்றும் சொல்ல முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் அவன் பின்னாளில் நெடுங்காலம் நிற்க வேண்டியிருந்தது.

உடனே எதுவும் உறைக்கவில்லை. தேர்வு, இண்டர்மீடியட், திருப்பதியில் பட்டப்படிப்பு, சென்னையில் முனைவர் பட்ட ஆய்வு என்று ஆண்டுகள் ஓடின. ஆய்வுப் பொருள் புலம்பெயர் தமிழரின் இசை. அதற்காக எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி அருள்பிரகாசத்தின் வாழ்க்கையை அவன் கற்க நேர்ந்தது. 1975இல் லண்டனில் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குச் சென்று, போர்ச் சூழலில் வளர்ந்து, 1986இல் தாயுடன் அகதியாக லண்டனுக்குத் திரும்பியவர். தெற்கு லண்டனின் மிச்சம் பகுதியில் அரசுக் குடியிருப்பு. விம்பிள்டனில் உயர்நிலைப் பள்ளி. வீட்டு வானொலி திருடுபோனது. பக்கத்து வீட்டிலிருந்து சுவர் தாண்டி வந்த ஹிப்ஹாப் ஒலிதான் அவருக்கு அந்த இசையின் அறிமுகம். ஆங்கிலம் முழுமையாகக் கைவராத சிறுமிக்கு, அயல்வீட்டுக் கறுப்பின இளைஞர்களின் இசை தன் நிலையைத் தன்னைவிட நன்றாக அறிந்ததுபோல் ஒலித்திருக்கிறது. 2005இல் வந்த முதல் தொகுப்புக்குத் தந்தையின் பெயரால் ‘அருளர்’ என்றும், 2007இல் வந்த இரண்டாவதற்குத் தாயின் பெயரால் ‘கலா’ என்றும் பெயரிட்டார்.

இதைப் படித்தபோது அவனுக்கு முதலில் எழுந்தது உவகைதான். சுவருக்கு அப்பாலிருந்து வந்த ஒலி என்பது குவைத் குறுந்தகட்டை நினைவூட்டியது. தன் கதையும் இதுவே என்று ஆய்வேட்டின் முன்னுரையில் சில பக்கங்கள் எழுதினான்: எல்லையில் பிறந்தவன், இரு ஊர்களிலும் அயலான், ராப் இசையால் குரல் பெற்றவன். நெறியாளர் படித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். நன்றாகத்தான் இருந்தது.

அந்த முன்னுரையைக் குலைத்தது 2019இல் வெளிவந்த ‘தெருக்குரல்’. அறிவு அரக்கோணத்துக்காரர், தாத்தாவின் ஊர்க்காரர், அதே தண்டவாளத்தின் மறுமுனை. அதற்கு முந்தைய ஆண்டு சனவரியில் பா. இரஞ்சித்தின் முன்னெடுப்பில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் அவர் அறிமுகமானார். அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சாதிபேதமற்ற தமிழர் என்னும் கருத்தாக்கத்திலிருந்து கிளைத்தது. ‘தெருக்குரல்’ தொகுப்பை அவன் கேட்டது சப்தகிரி விரைவு வண்டியில், ரேணிகுண்டாவுக்குத் திரும்பும் வழியில். எதுகை எங்கே விழுகிறது என்று பழக்கத்தால் எண்ணிக்கொண்டே வந்தவன், புத்தூர் தாண்டியபோது எண்ணுவதை நிறுத்திவிட்டான். இழிவாகச் சொல்லப்பட்டவர்கள் தங்களை இழித்த சொல்லையே எடுத்து எதிர்த்திசையில் வீசும் இசை அது. அவனோ அதே கருவியை எடுத்து அதே சொல்லை அது ஏற்கெனவே போய்க்கொண்டிருந்த திசையிலேயே வீசியிருந்தான். அவனுக்கு முன் நின்றவனுக்கு அந்தச் சொல் புதிதல்ல. திண்ணையில் கேட்டதைத்தான் வகுப்பிலும் கேட்டான். அங்கே பிராசம் இல்லை, இங்கே இருந்தது.

முன்னுரையின் அந்தப் பக்கங்களை நீக்கினான். வேறொன்றை எழுத முயன்று, டூபாக்கின் பள்ளி நாட்களுக்குச் சென்றான். பாந்தர் இயக்கத்தில் இருந்த தாயின் மகன், வறுமை, 1986இல் பால்டிமோர் கலைப் பள்ளியில் சேர்ந்தவர். பல இனத்து மாணவர்கள் படித்த அப்பள்ளியில் நடிப்பும் கவிதையும் ஜாஸும் பாலே நடனமும் கற்றார். ‘நட்கிராக்கர்’ பாலே நாடகத்தில் அவருக்குக் கிடைத்த வேடம் எலிகளின் அரசன். நூலகத்தில் இதைப் படித்தவன் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து நின்றதாகப் பின்னர் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறான். ஒரு பள்ளியில் எலி வேடம் ஒருவனுக்குக் கிரீடத்தோடு கிடைத்தது என்பதற்கும், இன்னொரு பள்ளியில் அது எவ்வாறு கிடைத்தது என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அடிக்குறிப்பாக எழுத இயலாது.

பலவகை மனிதரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்துவிட்டால் சகிப்பு தானே விளையும் என்று கல்வியியல் கட்டுரைகள் எழுதப்படுகின்றன. ரேணிகுண்டாப் பள்ளி அவனுக்கு நான்கு மொழிகளைத் தந்தது. எவனையும் அவன் மொழியைக் கொண்டு அந்நியன் என்று எண்ணாத பழக்கத்தைத் தந்தது. இவை சிறியன அல்ல. ஆனால் மொழி வேறுபாட்டைக் கொண்டாடிய அந்த வகுப்பு சாதி வேறுபாட்டைக் கண்டதே இல்லை. கண்டுகொள்ளாமல் இருக்கும் வசதி அதில் பெரும்பாலோருக்கு இருந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயல் இதைப் பற்றியதாக மாறியது. நெறியாளர் இதில் தரவு போதாது என்றார். அதுவும் சரிதான்.

அதே 2019இன் இறுதியில் ஒரு நாள் இரவு ரேணிகுண்டாவில் இறங்கித் திருப்பதிக்கு ஆட்டோ தேடினான். பத்துக் கிலோமீட்டர். ஷேர் ஆட்டோக்கள் போய்விட்டிருந்தன. தனி வண்டி 250 ரூபாய் என்றார் ஓட்டுநர். ஏறி அமர்ந்து, ஸ்டீயரிங் கம்பியில் அவர் விரல்கள் தாளம் போடுவதைச் சற்று நேரம் பார்த்த பிறகே ஆளைத் தெரிந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டான். பள்ளிக்கால வழக்கப்படி ‘நுவ்வு’ என்றே வந்தது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துத் தலையசைத்தார். அவருக்கு ஏறும்போதே தெரிந்திருக்கிறது.

“இப்போது என்ன செய்கிறீர்கள்?” என்று தெலுங்கில் கேட்டார். ‘மீரு’ என்றுதான் கேட்டார்.

படிக்கிறேன், பாட்டுகளைப் பற்றி என்று சொன்னான்.

“இன்னும் கட்டுகிறீர்களா?”

இல்லை என்றான். அந்த மதிய இடைவேளையைப் பற்றிப் பேச வேண்டிய வாக்கியம் நாவில் இருந்தது. எந்த மொழியில் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது விமான நிலையச் சாலை பின்னால் போய்விட்டது. ஓட்டுநர் தன் மகள் இரண்டாம் வகுப்பு என்றும், கணக்கு நன்றாக வருகிறது என்றும் சொன்னார். அதற்குப் பின் இருவரும் பேசவில்லை.

திருப்பதி பேருந்து நிலையத்தருகே இறங்கி 500 ரூபாய்த் தாளை நீட்டி, மீதியை வைத்துக்கொள்ளுங்கள் என்றான். இந்த முறை ‘மீரு’ என்றே வந்தது. ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறும் மூன்று ஐம்பதுகளும் எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் ஒருமுறை எண்ணி, அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பினார்.